ஜூலை முதலாம் திகதிகள் பற்றி மேப்பிள் லீஃப்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, ஆகஸ்ட் 2025

மேப்பிள் லீஃப் ஸ்போர்ட்ஸ் அன்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் தலைவர் திரு. கீத் பெல்லி, பொது முகாமையாளர் திரு. பிராட் ட்ரெலிவிங், அணியின் உரிமையாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மிட்ச் மார்னரை நீங்கள் 2023 ஜூலை 1 ஆம் திகதியே இழந்துவிட்டீர்கள் என்பது என் கருத்து. இந்த ஜூன் 30 இல் நடந்தது அதற்கான பத்திர வேலை மட்டும்தான். எட்டு வருடம், 96 மில்லியன் டொலர் என்று அவரோடு ஒப்பந்தம் எழுதி, அதே கையோடு வேகஸ் கோல்டன் நைட்ஸுக்கு அனுப்பி, பதிலுக்கு நிக்கொலாஸ் ருவாவை வாங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். மார்னர் கோழை என்கிறார் ஒருவர், நன்றி கெட்டவர் என்கிறார் இன்னொருவர், சனி தொலைந்தது என்கிறார் மூன்றாமவர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. என் கோபம் உங்கள் மேல். அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில், போனவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மார்க்கத்தில் பிறந்த பையன். சின்ன வயதிலிருந்தே இந்த அணியின் ரசிகன். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தெரிவில், 2015 இல் நான்காவது தெரிவாக நீங்களே எடுத்த பிள்ளை. 657 ஆட்டங்களில், கோலும் கோல் உதவியும் சேர்த்து, 741 புள்ளிகள். சண்டீன், சிட்லர், கியோன், சால்மிங் என்ற நால்வரைத் தவிர, நூறு வருடம் தாண்டிய இந்தக் கழகத்தின் வரலாற்றில் அவரைவிட அதிகம் எடுத்தவர் கிடையாது. போன பருவத்தில் மட்டும் 102 புள்ளிகள், அதில் 75 கோல் உதவிகள். வயது 28. இந்த வயதில், இந்தத் தரத்தில் ஒரு வீரர் சந்தைக்கு வருவது மிக அரிது. அவருக்கு ஈடாக வந்தவர் போன பருவத்தில் 31 புள்ளிகள் எடுத்த ஒரு மூன்றாம் வரிசை நடு ஆட்டக்காரர்.

ருவா மோசமான வீரர் என்று நான் சொல்லவில்லை. உயரமானவர், 2023 இல் வேகஸோடு ஸ்டான்லி கிண்ணம் தூக்கியவர், வருடம் 3 மில்லியனுக்கு ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பருவம் இருக்கிறது. எங்கள் மூன்றாம் வரிசைக்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் அவரும் எப்படி வந்தார் என்று பாருங்கள். தேசிய ஹொக்கி லீக்கின் அப்போதைய விதிப்படி எட்டு வருட ஒப்பந்தம் கொடுக்க வீரரின் சொந்த அணியால் மட்டும்தான் முடிந்தது. வெளி அணி என்றால் ஏழு வருடம்தான். அந்த எட்டாவது வருடத்தை வாங்கிக் கொடுக்க வேகஸுக்கு உங்கள் கையெழுத்து தேவைப்பட்டது. அந்தக் கையெழுத்தின் விலைதான் ருவா. ஒரு நாள் பிந்தியிருந்தால் அதுவும் இல்லை. வெறுங்கையோடு நிற்பதைவிட இது மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நல்ல வியாபாரம் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

இனி அந்த 2023 ஜூலை 1.

2019 செப்டம்பரில் மார்னர் ஆறு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வருடத்துக்கு 10.903 மில்லியன். அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. கடைசி இரண்டு வருடமும் அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. அது தொடங்கும் நாள் 2023 ஜூலை 1. அதாவது, கிட்டத்தட்ட நான்கு வருடமாக அந்தத் திகதி உங்கள் அலுவலக நாட்காட்டியில் இருந்தது. அந்த நாள் வரும்வரை சாவி உங்கள் கையில். அந்த நாள் விடிந்ததும் சாவி அவர் கையில். இது எந்த அணிக்கும் தெரிந்த அடிப்படைக் கணக்கு.

அந்த நேரத்தில் என்ன நடந்தது? மே மாதம் அப்போதைய பொது முகாமையாளர் கைல் டுபாஸை அனுப்பினீர்கள். மே 31 இல் ட்ரெலிவிங் அவர்களே, நீங்கள் வந்தீர்கள். வந்து ஒரு மாதத்தில் அந்தத் திகதி. ஒரு மாதத்துக்குள் இவ்வளவு பெரிய வீரரைப் பற்றி முடிவெடுப்பது லேசான காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அந்த ஒரு மாதத்துக்கான பொறுப்பை உங்கள் ஒருவர் தலையில் நான் போடவில்லை. டுபாஸை வைத்திருப்பதா அனுப்புவதா என்று இழுத்தடித்து, அந்த முக்கியமான கோடைக்கு முன் அலுவலகத்தையே காலியாக்கிய மேலிடத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. இந்த மே மாதம் கழகத் தலைவர் பிரெண்டன் ஷனஹனும் போய்விட்டார். போனவர்களைப் பற்றி அதற்கு மேல் பேசுவதில் பயனில்லை.

அந்தக் கோடையில் அவரை விற்றிருந்தால் நானே கத்தியிருப்பேன் என்பதும் உண்மைதான். 99 புள்ளிகள் எடுத்த பருவம் அது. அக்டோபர் கடைசியில் தொடங்கி தொடர்ந்து 23 ஆட்டங்களில் புள்ளி எடுத்து கழகத்தின் சாதனையை முறியடித்த பருவம். பருவ முடிவில் வரும் பிளேஓஃப் வெளியேற்றச் சுற்றில் 2004 க்குப் பிறகு முதல்முறையாக ஒரு தொடரை வென்றிருந்தோம். ரம்பா பே அணிக்கு எதிராக டவாரெஸ் மேலதிக நேரத்தில் அடித்த கோலுக்கு ஊரே தெருவில் நின்றது. அப்படியான நேரத்தில் யார் மார்னரை விற்பார்கள்? சரி. ஆனால் ஒரு பொது முகாமையாளரின் வேலையே ஊர் கத்தும்போதும் நாட்காட்டியைப் பார்ப்பதுதானே.

அதைவிட எனக்கு விளங்காதது அடுத்த வருடம். 2024 இல் பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் பாஸ்டர்நாக்கின் ஒரு அடியில் வெளியே போனோம். நீங்களும் ஷனஹனும் பெல்லியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இப்படியே போக முடியாது என்ற தொனியில் பேசினீர்கள். நாங்களும் நம்பினோம். கடைசியில் மாறியது பயிற்றுநர் மட்டும்தான். கீஃப் போனார், பெருபே வந்தார். 2024 ஜூலை 1 முதல் மார்னரோடு புதிய ஒப்பந்தம் எழுத உங்களுக்கு உரிமை இருந்தது. எழுதவில்லை. எழுத அவர் விரும்பவில்லை என்றால், அந்த நேரமே உட்கார்ந்து, "தம்பி, நீ இங்கே இருக்கப் போவதில்லை என்றால் உனக்கும் பிடித்த ஓர் ஊரை நாமிருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சு நடந்ததற்கு வெளியே தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. பருவம் தொடங்கியது. பருவம் நடக்கும்போது ஒப்பந்தம் பற்றிக் கதைக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அத்தோடு கதை முடிந்தது.

பிறகு, இந்த மார்ச்சில், பரிமாற்றக் காலம் முடியும் கடைசி நாட்களில், கரோலினா அணியின் நட்சத்திரம் ராண்டனெனுக்கு மார்னரை மாற்றிக்கொள்ள அவருடைய சம்மதம் கேட்கப்பட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அவருடைய மனைவிக்கு அது பிரசவத்துக்கு முந்தைய மாதங்கள். ஒரு மனிதனின் வீட்டு நிலைமை அப்படி இருக்கும்போது, வீட்டைக் கட்டிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போ என்றால் யார்தான் போவார்? கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல், கேட்கக்கூடாத காலத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

அதே கரோலினா என்ன செய்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. ஜனவரியில் ராண்டனெனைக் கொலராடோவிடம் இருந்து வாங்கினார்கள். அவர் அங்கே நீண்ட காலம் தங்க விரும்பவில்லை என்று சில வாரங்களில் தெரிந்துவிட்டது. அவர்கள் மனம் உடைந்து உட்காரவில்லை. மார்ச் 7 இல் டலஸுக்கு அனுப்பி, பதிலுக்கு லோகன் ஸ்டான்கோவன் என்ற இளம் வீரரையும், இரண்டு முதல் சுற்றுத் தெரிவுகளையும், இரண்டு மூன்றாம் சுற்றுத் தெரிவுகளையும் வாங்கினார்கள். பிறகு கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர் வரையும் போனார்கள். டலஸ் ராண்டனெனுக்குக் கொடுத்த ஒப்பந்தம் எட்டு வருடம், 96 மில்லியன். மார்னருக்கு வேகஸ் கொடுத்த அதே தொகை. சந்தை ஒரே விலை போட்ட இரண்டு வீரர்கள். ஒருவருக்குக் கரோலினா வாங்கியது அவ்வளவு. மற்றவருக்கு நாங்கள் வாங்கியது ருவா.

ட்ரெலிவிங் அவர்களே, இது உங்களுக்குப் புதிய பாடமும் இல்லை. 2022 கோடையில் நீங்கள் கல்கரி அணியின் பொது முகாமையாளராக இருந்தீர்கள். அந்த அணியின் நட்சத்திரம் ஜோனி கோட்ரோ ஒன்றும் ஈடில்லாமல் கொலம்பஸுக்குப் போனார். அந்த நல்ல மனிதரும் அவருடைய தம்பியும் போன வருடம் விபத்தில் இறந்தது இன்னும் மனதை அறுக்கிறது. அவர் போன சில நாட்களிலேயே மத்தியூ கச்சக்கும் தங்கமாட்டேன் என்றார். அப்போது நீங்கள் தாமதிக்கவில்லை. ஹூபர்டோ, வீகர், ஒரு முதல் சுற்றுத் தெரிவு, இன்னோர் இளம் வீரர் என்று கைநிறைய வாங்கினீர்கள். அந்தப் பரிமாற்றம் கடைசியில் எப்படி முடிந்தது என்பது வேறு கதை, கச்சக் புளோரிடாவில் இரண்டு கிண்ணம் தூக்கிவிட்டார். ஆனால் ஒருவர் போகப்போகிறார் என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த ஜூலையே சாட்சி. தெரிந்த நீங்கள் இங்கே ஏன் கைகட்டி நின்றீர்கள்?

நியூயோர்க் ஐலண்டர்ஸ் ரசிகர்களை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். 2018 ஜூலை 1 இல் ஜோன் டவாரெஸ் அவர்களை விட்டு எங்களிடம் வந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் போர்வைக்குள் தூங்கும் தன் படத்தைப் போட்டார். நாங்கள் கொண்டாடிய அந்த நாளில் அவர்களுக்குக் கிடைத்தது பூச்சியம்.

மார்னருடைய குறைகளை நான் மறைக்கவில்லை. பெரிய ஆட்டங்களில் அவர் காணாமல் போனார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. இந்த நால்வரை, மத்தியூஸ், மார்னர், நைலாண்டர், டவாரெஸ் என்று, மையமாக வைத்து ஏழு வருடம் தொடர்ந்து பிளேஓஃபுக்குப் போனோம். வென்றது இரண்டு தொடர்கள். ஏழாவது ஆட்டம் என்று வந்தபோதெல்லாம் தோல்வி. மே 18 இல் புளோரிடாவிடம் 6-1. அதற்கு முந்தைய வீட்டு ஆட்டத்திலும் 6-1. இரண்டாம் பகுதியில் மளமளவென்று மூன்று கோல் விழுந்தபோது, வாங்கில் இருந்த சக வீரர்களைப் பார்த்து மார்னர் எழுப்புவதுபோல் கத்தினார். கமரா அதைக் காட்டியது. பிறகு ஜேர்சிகள் பனித்தளத்தில் வந்து விழுந்தன. கால்பங்கு ஆட்டம் இருக்கும்போதே இருக்கைகள் காலியாகத் தொடங்கின.

ஆனால் அதே மார்னர்தான் பெப்ரவரியில், நான்கு நாடுகள் போட்டியில், மொன்றியலில் சுவீடனுக்கு எதிராக மேலதிக நேரத்தில் வெற்றி கோல் அடித்தார். எட்டு நாள் கழித்து பொஸ்ரனில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டம். மேலதிக நேரம். பக் எனும் ஆட்டவட்டு மார்னரிடம் பலகையோரம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டு வலையை நோக்கி எறிந்திருப்பார்கள். அவர் தலையை நிமிர்த்தி, ஒரு கணம் பொறுத்து, நடுவில் தனியாக நின்ற மக்டேவிட்டின் மட்டையில் கொண்டுபோய் வைத்தார். கனடா வென்றது. அந்தப் பொறுமையை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. நாட்டுக்காக அந்த நெருக்கடியில் அப்படி ஆடியவர் எங்கள் ஜேர்சியில் ஏன் இறுகிப்போனார்? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அழுத்தம் தாங்காதவர் என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் அந்தக் கேள்வி மறைந்துவிடாது. அது அடுத்த வீரரிடம் போய் நிற்கும்.

ஸ்காபரோவில் என் அக்காவின் மகன் ஹொக்கி ஆடுகிறான். விடிய ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் அக்கா ஐந்து மணிக்கே பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு வானை எடுப்பாள். அப்பா அம்மா இருவருமே பனிச்சறுக்குக் காலணி போட்டு நடந்தவர்கள் இல்லை. பிள்ளைக்காக லேஸ் இறுக்கக் கற்றுக்கொண்டவர்கள். அவனுடைய ஜேர்சி எண் மார்னரின் 16. உடம்பில் சின்னவன், மற்றப் பிள்ளைகள் இடித்தால் விழுந்துவிடுவான். மார்னரைப் பார்த்துத்தான், பலத்தால் முடியாததைப் பார்வையால் செய்யலாம் என்று படித்தான். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் என்று எத்தனை பேர் வீட்டுக்கு முன் தெருவில் டென்னிஸ் பந்தை வைத்து மார்னர் மாதிரி திரும்பிப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்குக் கிடையாது. அவர் மார்க்கத்துப் பிள்ளை என்பது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நாங்கள் சாமான் வாங்கும் ஊர், கோயிலுக்குப் போகும் ஊர், சொந்தக்காரர் வீடு வாங்கிய ஊர். அந்த ஊரில் இருந்தும் ஒருவர் போகலாம் என்று இருந்தது.

அதனால்தான் மார்னரின் வீட்டாரைத் திட்டியவர்களை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோற்றதற்காக ஒரு மனிதனின் குடும்பத்தை இழுப்பது ரசிகர் வேலை இல்லை. இதைப் பற்றி நீங்களும் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். வரும் பருவத்தில் வேகஸ் அணி இங்கே வந்து ஆடும். அன்று பெரிய திரையில் அவருக்கு நன்றி சொல்லி ஒரு காணொளி போடுங்கள், சுருக்காமல் முழுமையாகப் போடுங்கள். சிலர் கூச்சலிடுவார்கள். பரவாயில்லை. எழுந்து நிற்பவர்களும் இருப்போம்.

சரி, இந்தக் கோடையில் செய்த மற்றவற்றுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. டவாரெஸை வருடம் 4.38 மில்லியனுக்கு நான்கு வருடம் வைத்துக்கொண்டது அருமையான வேலை. போன பருவத்தில் 38 கோல் அடித்தவர், 11 மில்லியன் வாங்கியவர், வீட்டுக்குப் பக்கத்தில் ஆட வேண்டும் என்பதற்காக இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார். தலைவர் பட்டையை மத்தியூஸிடம் கொடுத்தபோதும் முகம் சுளிக்காத மனிதர். மத்தியூ நைஸுக்கு ஆறு வருடம், 7.75 மில்லியன் என்பதும் சரியான விலை. ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பள வரம்பு 88 மில்லியனில் இருந்து 95.5 க்கு ஏறி, அடுத்த வருடம் 104, அதற்கடுத்து 113.5 என்று போகப்போகிறது. அந்தக் கணக்கில் நைஸ் இரண்டு வருடத்தில் மலிவாகத் தெரிவார். மச்செல்லியை ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவுக்கு வாங்கியது பார்க்கக்கூடிய சூதாட்டம். இரண்டு வருடத்துக்கு முன் 57 புள்ளிகள் எடுத்தவர், பிறகு இறங்கிவிட்டார். இங்கே எழும்பினால் லாபம். புதிதாக வந்த டகோட்டா ஜோசுவா நல்ல மனிதர், புற்றுநோயில் இருந்து மீண்டு வந்தவர், பலகையோரம் சண்டை போடத் தெரிந்தவர்.

ஆனால் இவர்கள் யாரும் மார்னரின் இடத்தை நிரப்ப முடியாது, அது உங்களுக்கும் தெரியும். மத்தியூஸுக்கு யார் பக் கொடுப்பார்? ஆள் குறைந்து ஆடும்போது யார் போய் நிற்பார்? எதிரணி ஆள் குறைந்து நிற்கும் பவர் பிளேயை யார் நடத்துவார்? மூன்று வேலையையும் ஒருவரே செய்தார். "அணியின் குணத்தை மாற்றுகிறோம்" என்ற பேச்சு காதில் விழுகிறது. குணம் மாறட்டும். கோல் யார் அடிப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இங்கேதான் எனக்குப் பயம் தொடங்குகிறது. டிசம்பர் மாதத்தில் நாலைந்து ஆட்டம் தோற்போம். வானொலியில் கத்துவார்கள். அப்போது அவசரப்பட்டு ஒரு பெயருக்காக எதிர்காலத்தை விற்பீர்கள். ஏனென்றால் இதுவரை செய்தது அதுதான். 2025 இன் முதல் சுற்றுத் தெரிவு ஜேக் மக்கேப்புக்காகச் சிக்காகோவுக்குப் போனது, அது டுபாஸ் காலத்துக் கணக்கு. 2026 இனது பிராண்டன் கார்லோவுக்காகப் பொஸ்ரனுக்குப் போயிற்று, கூடவே ஃபிரேசர் மின்டனும். 2027 இனது ஸ்கொட் லோட்டனுக்காகப் பிலடெல்பியாவுக்கு, கூடவே கிரெபென்கினும். மிக மோசமாக முடித்தால் தப்பும் என்ற பாதுகாப்பு அவற்றில் இருக்கிறது, ஆனால் அதை நம்பியா இருப்பது? மூன்று வருடம் தொடர்ந்து முதல் சுற்று இல்லை. மக்கேப் கொடுத்த காசுக்கு மேலே ஆடுகிறார், அதில் எனக்கு மறுப்பில்லை. லோட்டன் எங்கள் பக்கத்துப் பிள்ளை, ஆசையோடு வந்தவர். ஆனால் நான்காம் வரிசையில் ஆடும் ஒருவருக்கு முதல் சுற்றுத் தெரிவும் ஓர் இளம் வீரரும் என்பது வீட்டு அடுப்பெரிக்க வாசல் கதவைக் கழற்றுவது போல. நைஸ் இரண்டாம் சுற்றில் 57 ஆவதாகக் கிடைத்தவர் என்பதை நினைவில் வையுங்கள். தெரிவுகள் கையில் இருந்தால்தான் இன்னொரு நைஸ் வருவார்.

இளம் வீரர்களில் மீதி இருப்பது ஈஸ்டன் கோவனும் பென் டான்ஃபோர்டும்தான். கோவன் இந்த ஜூன் 1 இல் ஒன்ராறியோவின் லண்டன் நைட்ஸோடு, கனடாவின் இளையோர் ஹொக்கிக் கிண்ணமான மெமோரியல் கிண்ணம் வென்று, அந்தப் போட்டியின் சிறந்த வீரராகவும் வந்திருக்கிறார். மார்னர் வளர்ந்த அதே லண்டன் கழகம். 2023 இல் 28 ஆவது தெரிவாக அவரை எடுத்தபோது பலர் முகம் சுழித்தார்கள், இன்று யாரும் பேசுவதில்லை. அவரைத் தொடாதீர்கள். யார் கேட்டாலும், எந்த மாதம் கேட்டாலும் தொடாதீர்கள். அவர் சறுக்கினாலும் இங்கேயே சறுக்கி இங்கேயே எழும்பட்டும்.

உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஜூலை 1 இல் பெல் நிறுவனத்தின் பங்கை 4.7 பில்லியன் டொலருக்கு வாங்கி ரொஜர்ஸ் இப்போது பெரும்பங்கு உரிமையாளர் ஆகிவிட்டது. ஏப்ரலில்தான் லீக்கின் கனடா ஒளிபரப்பு உரிமைக்கு 12 வருடத்துக்கு 11 பில்லியன் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அணியும் அவர்களுடையது, அதைக் காட்டும் தொலைக்காட்சியும் அவர்களுடையது, பலர் கையில் இருக்கும் தொலைபேசி இணைப்பும் அவர்களுடையது. இந்த ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் அரங்குக்குப் போய் ஆட்டம் பார்ப்பது கலியாணச் செலவுக்குக் கிட்ட வந்துவிட்டது. நாங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து, கட்டணம் கட்டித்தான் பார்க்கிறோம். அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறவர்களுக்குத் திட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. 1967 இல் கடைசியாகக் கிண்ணம் தூக்கியபோது என் பெற்றோர் கனடாவின் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டும் படித்திருப்பார்கள். இன்று அவர்களே மே மாதம் வந்தால் ஏழாவது ஆட்டம் எப்போது என்று கேட்கிறார்கள்.

இனி நான் உண்மையில் கேட்க வந்தது. ஓஸ்டன் மத்தியூஸின் ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. வருடம் 13.25 மில்லியன். அவரையும் அவருடைய சம்மதம் இல்லாமல் அசைக்க முடியாது. அவரோடு புதிய ஒப்பந்தம் எழுதக்கூடிய முதல் நாள் 2027 ஜூலை 1. இன்னும் இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. 2023-24 இல் 69 கோல் அடித்தவர், போன பருவத்தில் காயத்தோடு ஆடி 33 இல் நின்றார். அரிசோனாவில் வளர்ந்தவர். இங்கே பிறந்து வளர்ந்த மார்னரே போகலாம் என்றால், அவர் போக மாட்டார் என்று எதை வைத்து நம்புவது? அவர் போக விரும்புகிறார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. கேள்வி வரும் நாள் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே, அந்த நாளுக்கு முந்தைய கோடையில், 2026 இல், யாரும் அவசரப்படாத ஜூலையில், மத்தியூஸோடு உட்காருங்கள். அவருக்கு என்ன வேண்டும், பக்கத்தில் எப்படிப்பட்ட வீரர் வேண்டும், எத்தனை வருடம் இங்கே இருக்க நினைக்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். இருக்கிறேன் என்றால் அணியை அவரைச் சுற்றிக் கட்டுங்கள், காசைச் சேமித்து வையுங்கள். தயங்கினால், அவரும் ஏற்கும் ஊர்களின் பட்டியலோடு அந்தக் கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள். இரண்டும் எங்களுக்கு வலிக்கும் பதில்களாக இருக்கலாம். நாங்கள் தாங்குவோம், பழகிவிட்டோம். ஆனால் 2028 ஜூன் கடைசியில் இன்னொரு மூன்றாம் வரிசை வீரரின் பெயரை அறிவித்து, வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

பயிற்சி முகாம் செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் நீங்கள் பத்திரிகையாளர்கள் முன் உட்காருவீர்கள். 2023 ஜூன் மாதத்தில் மார்னரைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் என்ன பேசப்பட்டது, யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று அங்கே சொல்லுங்கள். கோவனும் டான்ஃபோர்டும் இந்தப் பருவத்தில் விற்பனைக்கு இல்லை என்றும் சொல்லுங்கள். இந்த இரண்டும்தான் என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகன்